டிஸ்க்கின் பெயரை மாற்றினால் பார்ட்டிஷன் அழியுமா?

தக்கலையில் ஸ்டுடியோ நடத்தும் நண்பர் கேட்டிருப்பது இது: கல்யாண வீடியோக்கள் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கின் பெயரை விண்டோஸில் மாற்றிய பிறகு, லினக்ஸ் கணினி தொடங்கும்போது அதை மவுண்ட் செய்ய (இணைத்துத் திறக்க) மறுக்கிறது; பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) போய்விட்டதா?

போகவில்லை, தயவுசெய்து ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள். நீங்கள் மாற்றிய பெயர், பார்ட்டிஷனுக்கு உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் (கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பின்) லேபிள். பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும் ஜிபிடி அட்டவணையோ டிஸ்க்கின் தொடக்கத்தில் தனியாக இருக்கிறது. அதன் நகல் கடைசியிலும் உண்டு. அந்த அட்டவணையிலும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 72 பைட் அளவில் வேறொரு பெயர் எழுத இடம் இருப்பதுதான் பெருங்குழப்பத்துக்குக் காரணம், ஏனெனில் இவ்விரண்டில் ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாது. ஜிபிடிக்கு முன்பிருந்த பழைய எம்பிஆர் அட்டவணை முறையில் இந்த இரண்டாவது பெயரே கிடையாது.

எதை எங்கே மவுண்ட் செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் உங்கள் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் பழைய லேபிள் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் அதைத் தேடிக் கிடைக்காமல் நிற்கிறது. அவ்வரியில் லேபிளுக்குப் பதிலாக யூயூஐடியை (UUID, ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) எழுதுங்கள், பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. ஃபார்மேட் செய்தால் அதுவும் மாறிவிடும். ஜிபிடி அட்டவணையில் உள்ள பார்ட்யூயூஐடி (PARTUUID, பார்ட்டிஷனின் அடையாள எண்) மட்டும் அப்போதும் நிலைக்கும். கழற்றி எடுத்துச் செல்லும் டிஸ்க் என்பதால் அதே வரியில் நோஃபெயில் (nofail) என்ற விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள்; டிஸ்க் செருகப்படாத நாளிலும் கணினி தடையின்றித் தொடங்கும்.