மஞ்சள் துணி விழுந்தால் அது வஞ்சமா, விபத்தா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இந்த வருஷம் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்திருக்கிறான். டிவியில் என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) ஆட்டம் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டை மோதி ஆளைச் சாய்த்துவிட்டு, "தெரியாமல் நடந்துவிட்டது" என்கிறார்கள். என் மகனோ "அதெல்லாம் ஆட்டத்தில் சகஜம்மா" என்கிறான். இந்த ஆபத்தான தவறுகளை வேண்டுமென்றே செய்கிறார்களா, தற்செயலாக நடக்கிறதா? மைதானத்தை ஒட்டி நின்று பார்ப்பவர் நீங்கள், அதனால் கேட்கிறேன்.
(ஒரு வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: சகோதரி, பகை வைத்துக்கொண்டு அடிப்பது மிகவும் குறைவு. ஆனால் தற்செயல் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடியதும் குறைவுதான். பெரும்பாலானவை பழக்கத்தால் நடக்கின்றன. பதினைந்து வயதில் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, அதைத்தான் அந்தப் பையனின் உடம்பு இருபத்தைந்து வயதில் அரை நொடியில் செய்துவிடுகிறது. உங்கள் கவலை நியாயமானது என்பதும், அதைக் காட்ட வேண்டிய இடம் பயிற்சி மைதானம் என்பதும் இதனால்தான்.

நான் எங்கே நிற்கிறேன் என்பதைப் புதிய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் ஊர்ப் பள்ளி ஆட்டத்தில், பந்து எவ்வளவு முன்னேறியது என்று அளக்கும் பத்து யார்டு சங்கிலியைப் பிடிப்பவர்களில் நானும் ஒருவன். ஆட்டம் எங்கள் பக்கம் பாய்ந்து வந்தால் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு பின்னால் நகர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மோதல்கள் நடக்கும். தோளால் மோதினால் 'தொம்' என்று அடங்கிய சத்தம் கேட்கும். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதினால் 'டக்' என்று தெறிக்கும். தவறு நடந்தது என்று காட்ட நடுவர் எறியும் மஞ்சள் துணி தரையில் விழுவதற்கு முன்பே, சங்கிலி பிடிக்கும் எங்களுக்குச் சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் நான் பையன்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். கை இரண்டும் விரிந்து எதிராளியைச் சுற்றி வளைக்க வந்தால், அவன் பிடித்துக் கீழே தள்ளத்தான் வந்திருக்கிறான். கடைசி நொடியில் எதிராளி குனிந்ததால் தலையில் பட்டிருந்தாலும் நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். கை பக்கவாட்டில் ஒட்டியிருக்க, தலையைத் தாழ்த்திக்கொண்டு உடம்பையே ஏவி விட்டவன் பிடிக்க வரவில்லை, இடிக்க வந்தான். எதிராளிக்கு எலும்பு முறிய வேண்டும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். ஆனாலும் இடிப்பது அவன் எடுத்த முடிவு.

என்.எஃப்.எல்.லில் ஓர் உதாரணம். 2024 டிசம்பர் 1, ஜாக்சன்வில் மைதானம். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டிரெவர் லாரன்ஸ் பந்தோடு ஓடி, கால்களை முன்னால் நீட்டிச் சறுக்கினார். அப்படிச் சறுக்கினால் அவர் ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், அவர்மேல் யாரும் மோதக் கூடாது. ஹூஸ்டன் அணியின் தடுப்பாட்டக்காரர் அசீஸ் அல்-ஷாயிரின் முன்கை அவர் தலையில் இடித்தது. லாரன்ஸுக்கு மூளை அதிர்ச்சி. அல்-ஷாயிரை வெளியே அனுப்பினார்கள், அப்புறம் சம்பளமில்லாமல் மூன்று ஆட்டத் தடை. சறுக்கியதைக் கவனிக்கும்போது நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார் அவர். அதை நான் நம்புகிறேன். குவார்ட்டர்பேக் தாமதமாகச் சறுக்கும்போது அவர் தலை சட்டென்று இறங்கிவிடும், வேகமாக வருகிறவருக்குத் திசை மாற்ற இடமிருக்காது. ஆனால் முன்கையை உயர்த்திக்கொண்டு வந்ததை அந்த விளக்கத்தில் சேர்க்க முடியாது. அதே சீசனில் அவர் முன்பே அபராதம் கட்டியிருந்ததும் தண்டனை கடுமையாகக் காரணம்.

வேண்டுமென்றே நடந்தவையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1986 நவம்பர் 23, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு. கிரீன் பே அணியின் சார்லஸ் மார்ட்டின் இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். கை துடைக்க எல்லாரும் வைத்திருப்பதுதான். ஆனால் அவர் துண்டில் சிகாகோ வீரர்கள் சிலரின் சட்டை எண்கள் எழுதியிருந்தன. குவார்ட்டர்பேக் ஜிம் மக்மேனின் 9, வால்டர் பேட்டனின் 34 எல்லாம் அதில் இருந்தன. மக்மேன் பந்தை எறிந்து முடித்து, ஆட்டம் வேறு பக்கம் போன பிறகு, மார்ட்டின் பின்னாலிருந்து அவரைத் தூக்கிச் செயற்கைப் புல்தரையில் அறைந்தார். மக்மேனின் அந்த சீசன் அத்தோடு முடிந்தது. மார்ட்டினுக்கு இரண்டு ஆட்டத் தடை. எண்களை எழுதிக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு அந்தத் தண்டனை போதவே போதாது என்பது என் கருத்து.

2006-ல் டென்னசியின் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த், ஹெல்மெட் கழன்று தரையில் கிடந்த டாலஸ் வீரர் ஆந்த்ரே குரோடின் முகத்தில் ஷூவால் மிதித்தார். ஐந்து ஆட்டத் தடை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

என்னை அதிகம் உறுத்துவது நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் விவகாரம்தான். 2009 முதல் 2011 வரை மூன்று சீசன்களில் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்குள் பரிசுப் பணத் திட்டம் ஒன்று ஓடியது என்று லீக் 2012-ல் அறிவித்தது. எதிரணி வீரரை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வைத்தால் 1,000 டாலர். அவர் திரும்பி வந்து ஆட முடியாமல் போனால் 1,500 டாலர். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது ஒரு தொகையே இல்லை. அவர்கள் பணத்துக்காக ஆடியிருக்க மாட்டார்கள், பயிற்சியாளர் முன்னிலையில் பேர் வாங்க ஆடினார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு ஒரு சீசன் முழுக்கத் தடை, தடுப்பாட்டப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸுக்குக் காலவரையற்ற தடை. வீரர்கள் நான்கு பேருக்கு விதித்த தடையை, மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் கமிஷனர் பால் டாக்லியபூ அதே ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தார். பெரிய பொறுப்பு பயிற்சியாளர்களுடையது என்பதே அவர் பார்வை. வேலைக்கும் இடத்துக்கும் பயிற்சியாளரை நம்பியிருக்கும் வீரனிடம் 'நோக்கம்' என்ன என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். மீதிப் பதில் ஓய்வறையில் என்ன பேசினார்கள் என்பதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிக மோசமான காயங்கள் பலவற்றில் மஞ்சள் துணியே விழவில்லை. 1978 ஆகஸ்ட் 12, ஓக்லண்டில் ஒரு பயிற்சி ஆட்டம். நியூ இங்கிலாந்து வீரர் டாரில் ஸ்டிங்லி எட்டாத பந்துக்குப் பாய்ந்தார், ஓக்லண்டின் ஜாக் டேட்டம் மோதினார். கழுத்தெலும்பு முறிந்தது. 26 வயதில் படுத்தவர் 2007-ல் சாகும்வரை நடக்கவில்லை. அன்றைய விதிப்படி டேட்டம் செய்தது தவறே இல்லை. 2017 டிசம்பரில் சின்சினாட்டியில் பிட்ஸ்பர்க் வீரர் ரயன் ஷேஸியர் தலையைத் தாழ்த்தி மோதியபோது, தண்டுவடம் அடிபட்டது மோதிய அவருக்குத்தான். உங்கள் மகனிடம் ஷேஸியர் கதையைச் சொல்லுங்கள். அடுத்தவனுக்கு ஆபத்து என்று சொன்னால் இந்த வயதில் பாதிதான் காதில் விழும்.

கேள்வி: நோக்கம் இல்லை என்று நடுவருக்கே தெரிந்தாலும், எதிரணியை 15 யார்டு முன்னேற விடும் தண்டனை கொடுக்கிறார்களே, இது என்ன நியாயம்?
(ஒரு வாசகர், நேப்பர்வில், இலினாய்ஸ்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் விதி நோக்கத்தைக் கேட்காமல் இருப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மைதானத்தில் மனசைப் படிக்க யாராலும் முடியாது. எங்கே பட்டது, எப்போது பட்டது, எந்த உறுப்பால் பட்டது என்பதை மட்டும் பார்க்கலாம். 15 யார்டு அதற்கான விலை. நோக்கம் பற்றிய விசாரணை அடுத்த வாரம், அபராதமும் தடையும் முடிவாகும்போது வருகிறது.

பழக்கத்தை மாற்ற இந்த முறைதான் உதவியது. டாலஸ் அணியின் ராய் வில்லியம்ஸ், ஓடுகிறவரின் தோள்கவசத்தைப் பின்கழுத்துப் பக்கம் பிடித்து இழுத்துச் சாய்ப்பதில் பேர்போனவர். 2004-ல் பிலடெல்பியா வீரர் டெரல் ஓவன்ஸின் கால் அப்படித்தான் முறிந்தது. ஓவன்ஸ் காலை உடைக்க வேண்டும் என்று வில்லியம்ஸ் நினைத்தார் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தப் பிடி பலன் தந்தது, அதனால் செய்தார். 2005-ல் லீக் அதைத் தடைசெய்தது. அப்புறமும் அவர் கை அங்கேயே போனது. 2007-ல் ஒரு ஆட்டத் தடை வாங்கினார். வஞ்சமும் இல்லாத, விபத்தும் இல்லாத தவறு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதில் அநியாயமும் நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். 2017 அக்டோபரில் கிரீன் பே குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் பந்தை எறிந்த கையோடு மின்னசோட்டாவின் ஆண்டனி பார் அவர்மேல் விழுந்ததில், ராட்ஜர்ஸின் காரை எலும்பு முறிந்தது. துணி விழவில்லை. அதன்பின் 2018-ல், குவார்ட்டர்பேக்மேல் முழு உடல் எடையோடு விழக் கூடாது என்ற விதியை லீக் கெடுபிடியாக அமல்படுத்தியது. அந்த செப்டம்பரில் கிரீன் பேயின் கிளே மேத்யூஸ், மின்னசோட்டாவின் கர்க் கசின்ஸைப் பிடித்துச் சாய்த்ததற்குத் துணி விழுந்தது. கிரீன் பே பறித்த பந்து செல்லாமல் போய், ஆட்டம் 29-29 என்று சமனில் முடிந்தது. எனக்கு அந்த மோதலில் ஒரு தப்பும் தெரியவில்லை. அதே மாதம் மயாமியின் வில்லியம் ஹேஸ், எதிரணி குவார்ட்டர்பேக்மேல் எடை விழாமல் திரும்பப் பார்த்து, தன் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். இத்தனையும் சேர்த்துப் பார்த்தும், நோக்கத்தை நடுவர் தீர்ப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொண்டுவந்தால் நல்ல பெயர் உள்ளவன் தப்புவான், கெட்ட பெயர் உள்ளவன் மாட்டுவான்.

கேள்வி: ரீப்ளேயில் பார்த்தால் திட்டம் போட்டு அடித்த மாதிரித்தானே தெரிகிறது?
(ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மெதுவாக ஓட்டிக் காட்டுவதால்தான் அப்படித் தெரிகிறது. 2016-ல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதையே சோதித்து, ஒரே காட்சியை மெதுவாகப் பார்ப்பவர்கள் அதில் அதிக நோக்கம் இருப்பதாக நினைக்கிறார்கள் என்று காட்டினார்கள். யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இடம் எங்கே பட்டது என்று அறிய மெதுவான காட்சி நல்லது. மனசை எடைபோட, ஒரு தடவையாவது முழு வேகத்தில் பாருங்கள்.

கேள்வி: பள்ளிப் பயிற்சியாளரிடம் பெற்றோர் என்ன கேட்கலாம்? தொந்தரவு செய்கிறோம் என்று நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், கேட்டி, டெக்சஸ்)

பதில்: தயங்காதீர்கள். முதல் சகோதரிக்கும் இதே பதில்தான். டேக்கிள், அதாவது ஓடுகிறவரைப் பிடித்துச் சாய்ப்பதை, எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேளுங்கள். தலையை எதிராளியின் உடம்புக்கு வெளிப்பக்கம் வைத்து, தோளால் தொடையில் மோதி, கைகளால் வளைத்துப் பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. ரக்பியிலிருந்து வந்தது. அப்போது சியாட்டில் அணிப் பயிற்சியாளராக இருந்த பீட் கேரல் 2014-ல் அதை வீடியோவாக எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் பொதுவில் கொடுத்தார். "அது எங்களுக்குத் தெரியும், அப்படித்தான் கற்றுத் தருகிறோம்" என்றால் நிம்மதி.

அப்புறம், வாரத்தில் எவ்வளவு நேரம் முழு மோதல் பயிற்சி என்று கேளுங்கள். டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் சீசன் நடக்கும்போது ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவன் திரும்ப ஆடக் கூடாது, மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் பிறகும் ஆடக் கூடாது என்பது 2011 முதல் இந்த மாநிலத்தில் சட்டம். தலைவலியை மறைக்க வேண்டாம் என்று மகனிடம் நீங்களும் சொல்லி வையுங்கள், பையன்கள் மறைப்பார்கள்.

ஒரு நாள் மாலை நேரில் போய்ப் பயிற்சியைப் பாருங்கள். தலையைத் தாழ்த்திப் பாய்ந்த பையனைப் பார்த்துப் பயிற்சியாளர் விசில் ஊதி நிறுத்துகிறாரா, "சபாஷ், நல்ல அடி!" என்று கத்துகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவதாக இருந்தால், அணி எவ்வளவு வெற்றி பெற்றிருந்தாலும் பையனை அங்கே விடாதீர்கள்.