தற்செயலின் கணிதத்தில் முனைவர் பட்டம்: எல்லையோரத்துக் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. நானும் அந்தப் பக்கத்துச் சித்தூர் தாலுகாக்காரிதான். தற்செயலின் கணிதமான நிகழ்தகவில் பெர்லினில் முனைவர் பட்டம் முடித்தேன்.

அக்கா, எங்கள் புத்தகத்தில் பகடையும் சீட்டுக்கட்டும்தான் இருக்கிறது. ஆராய்ச்சியில் என்ன செய்வார்கள்? (பி.எஸ்சி. மாணவி)

கட்டம் போட்ட தரையில் ஓர் எறும்பை விடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் நான்கு திசையில் ஏதோ ஒன்று, எல்லாத் திசைக்கும் சம வாய்ப்பு. புறப்பட்ட கட்டத்துக்கு என்றாவது திரும்புமா? திரும்பும்; அதன் நிகழ்தகவு 1. மேலும் கீழும்கூடப் போகலாம் என்று விட்டால், திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம்தான். தட்டையான தரைக்கும் முப்பரிமாண வெளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை 1921-ல் ஜார்ஜ் போல்யா நிறுவினார். முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அடியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், இடைவிடாமல் தாறுமாறாக அலையும் துகளின் பாதை போன்ற பிரௌனியன் இயக்கம் வரும். அந்தப் பாதையின்மேல் தொகையிடும் (integration) முறையை 1944-ல் ஜப்பானின் கியோசி இட்டோ கொடுத்தார். இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்ததுதான்.

ஏம்மா, என் பையன் லாட்டரி நம்பரையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறான். நிகழ்தகவைப் படித்தால் அடுத்த நம்பர் தெரியுமா? (ஒரு தந்தை, வேலந்தாவளம்)

தெரியாது ஐயா. நேற்று விழுந்த எண் இன்றைய குலுக்கலைத் தொடாது. சீட்டு வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள், நோட்டை நிறுத்த வேண்டாம். கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எத்தனை தடவை வந்தது என்று எண்ணட்டும். முதல் பக்கத்தில் தாறுமாறாக இருக்கும். பக்கம் சேரச் சேர ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கை நெருங்கும். 1713-ல் அச்சான பெர்னூலியின் பேரெண் விதி அது. அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் பையனை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டில் முனைவர் பட்டம் படிக்க எவ்வளவு செலவாகும்? (எம்.எஸ்சி. மாணவர்)

ஜெர்மனியில் முனைவர் மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். வேலை ஒப்பந்தம் போடுவார்கள். வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

இரண்டு நாட்டில் படிக்கும் திட்டம் என்கிறார்களே?

ஆமாம். பெர்லினும் ஆக்ஸ்போர்டும் சேர்ந்து 2020-ல் தொடங்கிய ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு ஒன்று உண்டு. ஒரே நாட்டுக்குள் ஆக்ஸ்போர்டும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து 2019-ல் தொடங்கியது இன்னொன்று. இத்தகைய குழுக்களில் ஒரே வழிகாட்டியை நம்பி முடங்க வேண்டியதில்லை. உங்களோடு சேர்ந்த பத்துப் பேர் பக்கத்து மேசையில் அதே சிக்கலோடு மல்லாடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய பலமாக இருந்தது.

எதிலிருந்து தயாராவது?

முதலில் அளவைக் கோட்பாடு (measure theory): நீளம், பரப்பு, நிகழ்தகவு எல்லாவற்றையும் ஒரே விதத்தில் அளக்கும் கணிதம். அது இல்லாமல் ஒன்றும் நகராது. அப்புறம் மார்ட்டிங்கேல், அதாவது யாருக்கும் சாதகமில்லாத நேர்மையான சூதாட்டம் போன்ற தற்செயல் தொடர். 1993 முதல் நடக்கும் எம்டிடிஎஸ் (MTTS) என்ற கணிதக் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். சென்னையில் பிறந்த நிகழ்தகவு அறிஞர் எஸ்.ஆர்.எஸ். வரதன் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில்தான் (ஐஎஸ்ஐ) முனைவர் பட்டம் வாங்கினார். 2007-ல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றார். இங்கேயே நல்ல முதுகலை கிடைக்கும்.

வழிகாட்டிக்கு எழுதும் கடிதத்தில் கவனம் வையுங்கள். என் முதல் கடிதத்தில் "நிகழ்தகவில் மிகுந்த ஆர்வம்" என்று எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. அடுத்தவருக்கு எழுதும்போது அவருடைய கட்டுரையில் ஒரு துணைத்தேற்றத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனையைத் தளர்த்தினால் நிரூபணம் எந்த வரியில் உடைகிறது என்று அரைப் பக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது.

தமிழ் மீடியம், அக்கா. ஆங்கிலத்தில் பேச வாய் வராது.

எனக்கும் வரவில்லை. தினமும் ஒரு நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதி, வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கேட்க ஒரு தோழி இருந்தால் போதும். என் தோழிக்குக் கணிதமே தெரியாது. நான் தயங்கி நின்ற இடத்தை மட்டும் விரலால் காட்டுவாள். தயங்கிய வரிகள்தான் எனக்கே சரியாகப் புரியாத வரிகள்.