வியாழக்கிழமை ஜெபத்தில் தூங்கிவிட்டேன், அக்கா

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். யாங்கோனில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறோம். காலையில் இட்லி அவித்துக் கீழே தெருவில் விற்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீ, பலகாரம் என் பொறுப்பு. வியாழக்கிழமை பெண்கள் கூட்டத்தில் பாட்டு நடத்துவதும் நான்தான். கரண்ட் நடுராத்திரியில் வந்தால் எழுந்து மோட்டார் போட்டு, மாவரைத்து, துணி தேய்த்துப் படுக்க மூன்று மணி ஆகிவிடுகிறது. போன வியாழன் முழங்காலில் இருந்தபடியே தூங்கிப்போனேன். “ஆவியில் குளிர்ந்துவிட்டாய்” என்றார் ஒரு மூத்த சகோதரி. நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான ஸ்திரீயின் விளக்கு இரவிலும் அணையவில்லையே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?
- ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: தங்கச்சி, மூன்று மணிக்குப் படுத்து, விடியுமுன்னே இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுகிறவள் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும். இதில் ஆவி குளிர என்ன இருக்கிறது? நர்ஸாக நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும், துண்டு துண்டாகத் தூங்கினால் உடம்பு தேறாது.

குணசாலியான ஸ்திரீயை எடுத்தாய், சரி. விளக்கு 18ஆம் வசனத்தில் இருக்கிறது. கொஞ்சம் மேலே 15ஆம் வசனத்தையும் படி. அந்த அம்மாள் வீட்டில் வேலைக்காரிகள் இருக்கிறார்கள்! நீ தனியாளாக அவளோடு போட்டி போடுகிறாய். (நம் ஊரில் விளக்கு அணைவதும் அணையாததும் யார் கையில் இருக்கிறது என்பது வேறு கதை.)

எனக்கு எலியா தீர்க்கதரிசியின் கதைதான் உனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அத்தனை பெரிய ஊழியம் முடித்து, ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல்வரை ஓடிய மனுஷன். ராணி யேசபேல் மிரட்டியதும் உயிர் தப்ப பெயெர்செபாவுக்குப் போய், அங்கிருந்து ஒருநாள் பிரயாணம் வனாந்தரத்தில் நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து “போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்கிறார். அப்படியே படுத்துத் தூங்கியும்விட்டார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். “இன்னுமா தூக்கம்?” என்று தூதன் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” என்று கர்த்தர் கேட்பதெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். அதுவரைக்கும் சோறும் தூக்கமும். உன்னைக் குறை சொன்ன சகோதரிக்கு இந்த அதிகாரத்தை வாசிக்கக் கொடு, நான் சொன்னேன் என்றே சொல்.

நம் சபைகள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாளை மிருகஜீவனுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. நாம் அந்த நாளைப் பெண்களுக்கு வாரத்திலேயே பாரமான நாளாக ஆக்கிவைத்திருக்கிறோம். ஆராதனை முடிந்தால் ஆண்கள் பாஸ்டரோடு நின்று பேசுவார்கள், நாம் டீ கிளாஸ் கழுவுவோம். உங்கள் சபைச் செயலாளரிடம் நேராகப் போய், “மாதத்தில் ஒரு ஞாயிறு செய்கிறேன், மற்ற வாரங்களுக்கு ஆள் பாருங்கள்” என்று சொல். “ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றால் வேலை உன்னிடமே திரும்பி வந்துவிடும்.

அப்புறம், இவ்வளவு எழுதினாயே, வீட்டுக்காரர் எங்கே? இருந்தால், மோட்டார் சுவிட்சைப் போடுவதற்குத் தனியாக ஊழிய அழைப்பு வரவேண்டியதில்லை என்று அவரிடம் சொல். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அதற்கும் இந்த வேலை தெரியும். துணி தேய்ப்பதை விட்டுவிடு. ஞாயிறு உடுத்துவதை மட்டும் தேய்த்தால் போதும். மாவரைப்பது உன் பிழைப்பு, அதற்கு மட்டும் எழுந்திரு. மதியம் இட்லி வியாபாரம் முடிந்து டியூஷன் பிள்ளைகள் வருமுன் கதவைச் சாத்திப் படு. கூப்பிடுவதற்காக மாடியிலிருந்து தொங்கவிட்டிருக்கும் கயிற்றைக் கீழேயிருந்து காய்காரர் ஆட்டினாலும் எழுந்திருக்காதே.

இன்னொன்று. ஒருதரம் இரத்தப் பரிசோதனை செய்துகொள். 2015-16-இல் மியான்மரில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா, முகம் வெளுத்திருக்கிறதா என்று கவனி. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அது சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

கேள்வி: ஞாயிறு மதியம் என் மருமகள் இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்குகிறாள். வேலைக்குப் போகிறவள்தான், ஆனாலும் கர்த்தருடைய நாளில் இது சரியா?
- ஒரு மாமியார், தான்லின்

பதில்: சரிதான் அம்மா. அவள் தூங்கும் நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் அதை உங்கள் மகனிடம் கொடுத்துவிட்டு நீங்களும் போய்ப் படுங்கள்.