நாற்று நூலாக நீளுதா?

கேள்வி: பட்டாசல் ஜன்னலோரத்தில், ஒரே குழித்தட்டில் பாதிக்குத் தக்காளியும் பாதிக்கு மிளகாயும் விதைத்தேன். தக்காளி நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. உரம் போதவில்லையா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உரம் காரணமில்லை. முதலில் விரியும் இரண்டு வித்திலைகளுக்குப் பிறகு உண்மையான இலை வரும்வரை விதையிலுள்ள சத்தே நாற்றுக்குப் போதும். குறை இருப்பது வெளிச்சத்தில்தான்; அது தொடங்கியது ஒரே தட்டில் இரண்டையும் விதைத்ததில். தக்காளி 5 முதல் 7 நாளில் முளைக்கும், மிளகாய்க்கு 8 முதல் 12 நாள் வேண்டும். மிளகாய் வரட்டும் என்று, விதைத்த தட்டின் மேல் போட்ட மூடாக்கை விட்டுவைத்தால், அதற்குள் தக்காளி இருட்டில் நீண்டுவிடும். பிறகு ஜன்னல் வெளிச்சமும் ஒரு பக்கமாகவே விழுவதால் தண்டு அந்தப் பக்கம் சாயும்.

அடுத்த முறை தனித்தனித் தட்டில், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடாக்கை எடுத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. தட்டை மட்டப்பாவில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைப்பது நல்லது. வீட்டுக்குள்தான் இடம் என்றால் 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட்டை நாற்றுக்கு 15 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும்.

இப்போது நீண்டு நிற்கும் தக்காளியை வீணாக்க வேண்டாம். வித்திலை வரை மண்ணுக்குள் போகும்படி பெரிய கப்பில் மாற்றி நடுங்கள். புதைந்த தண்டிலும் வேர்விடும். மிளகாய் அப்படி எளிதில் வேர்விடாது. அது நீண்டிருந்தால் மறுபடி விதைப்பதே மேல்.

கேள்வி: ஐப்பசி மழை நேரத்தில் கத்தரி நாற்று அடித்தண்டு கறுத்து, இற்று விழுகிறது. தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன்.
– வாசகர், ஆலங்குளம்

பதில்: இது நாற்றழுகல். பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரிகள் ஈரம் தேங்கும் இடத்தில் தண்டின் அடியைத் தாக்கும். அடைமழைக் காலத்தில் இரண்டு வேளைத் தண்ணீர் மிக அதிகம். தட்டைத் தூக்கிப் பாருங்கள்; கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம். லேசாக இருந்தால் மட்டும் காலையில் பூவாளியால் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கும்.

விழுந்த நாற்றையும் அந்தக் குழியில் நிரப்பிய தென்னை நார்க்கழிவையும் எடுத்தெறியுங்கள். மற்றவற்றுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். விழுந்தது பிழைக்காது, பக்கத்தில் நிற்பதைத்தான் காப்பாற்றுகிறோம். தோட்டத்து மண்ணை அப்படியே தட்டில் நிரப்பினால் பூஞ்சையும் கூடவே வரும். நார்க்கழிவோடு ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்தே நிரப்புங்கள். விதையிலும் அதைப் பூச வேண்டும்; ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா என்பது கணக்கு. வீட்டளவுக்கு விதையின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்தால் போதும்.

கேள்வி: எங்கள் பக்கம் ஆடிக் காற்றில், நட்ட மறுநாளே நாற்று துவண்டுவிடுகிறது.
– வாசகர், பணகுடி

பதில்: நிழலில் வளர்ந்த நாற்றை நேராகக் காற்றிலும் வெயிலிலும் வைத்தால், வேர் எடுப்பதைவிட அதிக நீரை இலை இழந்துவிடும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே பழக்குங்கள். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு தினம் ஒன்றிரண்டு மணி கூட்டி, கடைசி இரண்டு நாள் முழுக்க வெளியே. அந்த வாரம் தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள், ஆனால் வாடவிடாதீர்கள்.

தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 35 முதல் 40 நாளிலும் நடலாம். நாளைவிட வேரைப் பார்ப்பது நம்பகமானது: குழியிலிருந்து இழுத்தால் நார்க்கட்டி உதிராமல் முழுதாக வர வேண்டும். நடும் அன்று காலையில் தட்டை நன்றாக நனைத்து, வெயில் தாழ்ந்தபின் நட்டு, உடனே தண்ணீர் விடுங்கள். மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து ஊன்றினால் காற்று நேராக அடிக்காது. புதுத்தளிர் விட்டபின் எடுத்துவிடலாம்.