சராசரி வாடகையை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகளுக்கு ஜெர்மனியில் மியூனிக், கெம்னிட்ஸ், ஆஸ்திரியாவில் வியன்னா என மூன்று ஊர்களில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். ஃபீஸ், ரேங்க், வேலைவாய்ப்பு எல்லாம் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில் இணையத்திலிருந்து எடுத்த 'சராசரி வாடகை'யை வைத்து வியன்னாவை முதலில் நிறுத்தியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வியன்னாவில் வாடகை குறைவு என்பது உண்மை. 1919-இல் நகராட்சியைப் பிடித்த சமூக ஜனநாயகக் கட்சி, 1920-களில் பணக்காரர்கள் மேல் வரி போட்டுத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு அப்போது எழுந்ததுதான். இன்றும் மாநகராட்சி கையில் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த வீடுகளிலோ மானியத்தில் கட்டிய வீடுகளிலோ குடியிருக்கிறார்கள். சராசரியைக் கீழே இழுப்பது இவர்கள் கொடுக்கும் வாடகை. மாநகராட்சி வீட்டுக்கு மனுப் போடவே அந்த ஊரில் இரண்டு வருடம் குடியிருந்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் போகிறவளுக்கு அதுவும் போதாது. அவள் தேடப்போவது மாணவர் விடுதியும் தனியாரிடம் பகிர்வு வீட்டில் ஓர் அறையும். அந்த விலை உங்கள் அட்டவணையில் இல்லவே இல்லை.

ஸ்டாக்ஹோமில் இது இன்னும் முற்றிப்போன கதை. வாடகைக் கட்டுப்பாடு உண்டு, பெயர் பதிந்து வரிசையில் நிற்க வேண்டும், வீடு கிடைக்கப் பல வருடம் ஆகும். எம்.எஸ். படிப்போ இரண்டே வருடம். நெதர்லாந்தில் பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களிடம் 'அறை உறுதியாகாமல் வராதீர்கள்' என்று சொல்லியிருக்கின்றன. ஆகவே ஓர் ஊரின் வாடகையைப் பார்க்கும்போது, அங்கே ஏற்கெனவே இருப்பவர் என்ன கொடுக்கிறார் என்று பார்க்காமல், செப்டம்பரில் பெட்டியோடு போய் இறங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள்.

மியூனிக்கில் காசு இருந்தால் அறை கிடைக்கும். பகிர்வு வீட்டில் ஓர் அறை மாதம் 800 யூரோவை ஒட்டி வருகிறது. மாணவர் விடுதி மலிவுதான், ஆனால் செமஸ்டர் கணக்கில் காத்திருக்க வேண்டும். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, விசாவுக்காக நீங்கள் பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) போடும் 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் அவள் கைக்கு வரும். அறைக்கு 800, மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 145 போனால் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது ஐம்பதுக்கும் குறைவு. பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு, மறுக்கவில்லை. முதல் செமஸ்டரிலேயே, ஜெர்மன் பேச வராத நிலையில், அந்த வருமானத்தை நம்பிப் பட்ஜெட் போடுவது சரியில்லை.

கெம்னிட்ஸில் அறை 300 யூரோ அளவில் கிடைக்கும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1990-இல் ஜெர்மனி ஒன்றானதும் கிழக்கில் ஆலைகள் மூடின, இளைஞர்கள் மேற்கே போனார்கள். மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்குக் குறைந்தது, அடுக்குமாடிகள் காலியாக நின்றன. (கிழக்கு ஜெர்மனி நாட்களில் இந்த ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம், மார்க்ஸ் பெயர் இருக்கும் இடத்தில் வாடகை குறையும் போலிருக்கிறது!) மியூனிக்கைவிட மாதம் 500 யூரோ மிச்சம் என்றால் இரண்டு வருடத்தில் 12,000 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சம். கல்விக் கடனில் அவ்வளவு குறையும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் அங்கே வெளிநாட்டவருக்கு எதிராகப் பெரிய கலவரம் நடந்தது. நீங்கள் தேடினால் முதலில் அதுதான் வரும். இப்போது அங்கே படிக்கும் நம் ஊர்ப் பெண்களிடம் இரவு நடமாட்டம், டிராம் பயணம் பற்றி உங்கள் மகளையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகளும் மியூனிக் அளவுக்கு இல்லை. அதற்கு வழி உண்டு: கடைசி செமஸ்டரில் ஆய்வேட்டை மியூனிக்கில் ஏதாவது ஒரு கம்பெனியில் செய்யலாம். அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் 800 கொடுத்தால் போதும். என் வரிசையில் கெம்னிட்ஸ் முதலில், வியன்னா அடுத்து, மியூனிக் கடைசி.

எந்த ஊரானாலும், வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். 'வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்' என்று எவர் எழுதினாலும் அது மோசடி. ஜெர்மனியில் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கிடையாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வாடகையைச் சொல்லும்போது ஹீட்டிங் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. 'அறை தருகிறேன், பதிவு மட்டும் முடியாது' என்பவரிடம் போகவே வேண்டாம். முகவரிப் பதிவு இல்லாமல் ரெசிடென்ஸ் பெர்மிட் வேலை நகராது.

கெம்னிட்ஸ் மாணவர் விடுதிக்கான மனுவை இந்த வாரமே போடச் சொல்லுங்கள். வியன்னா விடுதிகளுக்கும் கூடவே எழுதட்டும். பதில் வந்ததும் அந்த வாடகைகளை அட்டவணையில் திருத்தி எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம்.