சொல் தெளிவோம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆங்கிலச் சொல்லின் முன்னால் ‘இன்’ சேர்ந்தால் எதிர்ப்பொருள் என்று படித்தோம். பெட்ரோல் டேங்கர் லாரிகளில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறதே, தீப்பிடிக்காது என்றா பொருள்?
- வாசகர், நாமக்கல்

பதில்: சட்டென்று தீப்பற்றும் என்றே பொருள். லத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்றுக்கு ‘உள்ளே’ என்று பொருள், மற்றதற்கு ‘இல்லை’. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. இங்கே இருப்பது முதல் ‘இன்’.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சொல்லை வாலிலிருந்து பிரியுங்கள். ‘ஏபிள்’ஐக் கழற்றினால் மிஞ்சுவது ‘இன்ஃப்ளேம்’. ‘மூட்டு, கிளறு’ என்ற பொருளில் அப்படி ஒரு வினைச்சொல் தனியாகவே இருக்கிறது. காயம் சிவந்து வீங்கினால் டாக்டர் சொல்லும் ‘இன்ஃப்ளமேஷன்’ அதன் உறவுதான். ‘இன்வேல்யுவபிள்’ளை இதேபோல் பிரித்தால் ‘இன்வேல்யூ’ என்று நிற்கிறது. அப்படி ஒரு வினை கிடையாது. ஆகவே அங்கே இருப்பது ‘இல்லை’ என்ற ‘இன்’. ஆனால் அவசரப்பட்டு ‘மதிப்பில்லாதது’ என்று எழுதிவிடாதீர்கள். விலைமதிக்க முடியாதது என்பதே பொருள். மதிப்பில்லாததற்கு ‘வொர்த்லெஸ்’.

தீ விஷயத்தில் இப்படிக் குழம்பினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொன்னது. நீங்களும் அப்படியே எழுதுங்கள். தீப்பற்றாததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’.

கேள்வி: கேட்டலாக், கேட்டரேக்ட், கேட்டமரான் மூன்றும் ஒரே வேரா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: முதல் இரண்டும் கிரேக்கம். அதில் ‘கட்டா’ என்றால் ‘கீழே’. கேட்டரேக்ட் என்பதற்கு மேலிருந்து விழும் பேரருவி என்றும் பொருள் உண்டு, கண்புரை மட்டுமல்ல.

மூன்றாவது நம் கட்டுமரமேதான்! மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டுவதால் வந்த பெயர், கோரமண்டல் கரையில் ஆங்கிலேயர் காதில் விழுந்து அவர்கள் மொழியில் ஏறியது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே இருக்கிறது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. நம் கட்டுமரத்துக்கு அந்த அமைப்பே இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஆஸ்க், க்வெஸ்சன், இன்டராகேட் எல்லாமே ‘கேள்’தானே? எதை எழுதினால் என்ன?
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: ‘லீவு பற்றி மேனேஜரை இன்டராகேட் செய்தேன்’ என்று எழுதிப் பாருங்கள். அவரை ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்ததாக ஆகிவிடும். ஆஸ்க் பழைய ஆங்கிலச் சொல், வீட்டுப் பேச்சுக்கு உரியது. க்வெஸ்சன் பிரெஞ்சு வழி வந்தது. வினையாக வரும்போது சந்தேகத்தோடு துருவுவது என்ற சாயல் அதில் இருக்கிறது. இன்டராகேட் லத்தீன், போலீஸ் விசாரணைக்கானது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் லத்தீன் சொற்களும் வந்து குவிந்ததால்தான் ஒரே பொருளுக்கு இத்தனை அடுக்கு. ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ் நூல் இவற்றை ஒரே வரியில் அடுக்கிவிடும், சாயலைச் சொல்லாது. எடுத்த சொல்லை அகராதியில் தேடி, எடுத்துக்காட்டு வாக்கியங்களில் யார் யாரைக் கேட்கிறார் என்று பார்த்த பிறகே எழுதுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் ‘ஆஸ்க்’ போதும்.