குரோம் ரிம்மில் வெள்ளைப் புள்ளிகள்: யார் பொறுப்பு?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறேன். சென்ற ஆண்டு காருக்குக் குரோம் ரிம் போட்டேன். தங்கையின் திருமணத்துக்கு என் கார்தான் மணமகள் கார் என்பதால், அதற்கு முந்தின வாரம் கார் கழுவும் கடையில் விட்டேன். அங்கிருந்த பையன் ரிம்மில் ஏதோ திரவத்தைத் தெளித்தான். கறையெல்லாம் நொடியில் கரைந்து ஓடியது. திருமணத்தன்று பார்த்தால் பளபளப்பு மங்கி, வெள்ளைப் புள்ளிகள்! கடைக்காரர், "கடல் காற்றுதான் காரணம், நான் பொறுப்பில்லை" என்கிறார். இதைச் சரிசெய்ய முடியுமா? இழப்பீடு கேட்கலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கறை நொடியில் கரைந்து ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். அவ்வளவு வேகமாக வேலை செய்யும் ரிம் திரவங்கள் பலவற்றில் அமிலம் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையே கரைக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அடியிலுள்ள அலுமினியத்தை அரிக்கும்; தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். அந்தப் பையன் கையுறை போட்டிருந்தானா? உங்கள் ரிம்மைவிட அவன் கையை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறேன்.

நம் கண்ணுக்குத் தெரியும் குரோம் மிக மெல்லிய பூச்சு. பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் குறைவு. அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில்தான் அலுமினியம். குரோமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்பு அவற்றின் வழியே இறங்கி, உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடியாக வெளிவரும். ஆகவே கடைக்காரர் கடல் காற்றைச் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் கடல் காற்று மாதக்கணக்கில் செய்வதை அமிலம் ஒரே நாளில் செய்துவிடும்.

புள்ளியின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது மேலே படிந்த கறை. கார் ஷாம்பூவிலும் குரோம் பாலிஷிலும் போக வாய்ப்புண்டு. நகம் சிக்கினால் பூச்சே அரிக்கப்பட்டுவிட்டது. அதை எந்த பாலிஷும் திருப்பித் தராது, காசைக் கொட்டாதீர்கள். பூச்சைக் களைந்து மறுபடி குரோம் ஏற்றுவது தனிப் பட்டறை வேலை. வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். டயர் அமரும் விளிம்பில் பூச்சு உரிந்திருந்தால், அங்கே காற்று கசியும். அதை உடனே டயர் கடையில் காட்டுங்கள்.

இனி கழுவும் முறை. ரிம் சூடாக இருக்கும்போது கை வைக்காதீர்கள். வீடு வந்ததும் வேண்டாம், மறுநாள் காலையில் செய்யுங்கள். சூட்டில் ஷாம்பூ காய்ந்து, அதுவே கறையாகும். முதலில் தண்ணீரை நன்றாக அடித்து மணலையும் பிரேக் தூளையும் இறக்கிவிட்டுத்தான் துணி தொட வேண்டும். ரிம்முக்குத் தனி வாளி, தனித் துணி. கார் மேல்பாகத்துக்கு அதே துணியைப் போட்டால் பெயிண்டில் கீறல் விழும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் கழிப்பறை கழுவும் திரவமும் ரிம் பக்கமே வரக்கூடாது. ஒரு சக்கரத்தைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். ரிம்மின் உள்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. உப்பு தங்குவதும் அரிப்பு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். தினமும் பாலம் கடக்கும் நீங்கள் வாரம் ஒரு முறை கழுவுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசுங்கள்.

இழப்பீடு தாராளமாகக் கேட்கலாம். சேவை தருபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று சுவரில் பலகை மாட்டிவிட்டால் அந்தக் கடமை போய்விடாது. முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

சிக்கல் சான்றில்தான் இருக்கிறது. ரசீது, புள்ளிகளின் படம், கழுவுவதற்கு முன் ரிம் எப்படி இருந்தது என்று காட்டும் பழைய படம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். அந்தத் திரவத்தின் புட்டியையும் படம் பிடிக்க முடிந்தால் நல்லது. ரிம் வேலை தெரிந்த வேறொரு பட்டறையில், இது அமிலத்தால் வந்த சேதமா என்று எழுதி வாங்குங்கள். உங்கள் கைக்கு அதைவிட வலுவான காகிதம் கிடைக்காது.

கேள்வி: கோலாலம்பூரில் பழைய குரோம் ரிம் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், செந்தூல்

பதில்: முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். டயரைக் கழற்றி, உள்பக்கமும் டயர் அமரும் விளிம்பும் காட்டச் சொல்லுங்கள். கொப்புளமோ உரிந்த தோலோ இருந்தால் வேண்டாம். உரிந்த குரோம் பிளேடு போல் விரலை வெட்டும், தடவிப் பார்க்க வேண்டாம். இது முலாம் ஏற்றிய குரோமா, குரோம் நிறத்தில் தெளித்து மேலே லாக்கர் என்னும் நிறமற்ற மேற்பூச்சு பூசியதா என்றும் கேளுங்கள். இரண்டாவது வகையில் உலோக பாலிஷ் பட்டால் லாக்கர் மங்கிவிடும். எந்த வகை என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.